மருமகள் குடித்த டம்ளர்

பரிசோதனைக் கூடத்துக் கவுன்டரில் உச்சிவெயில் விழுந்து கிடக்கிறது. மடிப்புக் கலையாத சட்டையோடு வந்திருக்கும் பெரியவர், பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்துகிறார். விளிம்பில் உதட்டுச்சாயம் ஒட்டியிருக்கிறது. அடியில் மிஞ்சிய பால் திரிந்து புளித்த வாடை வருகிறது. "எங்க மருமக குடிச்சதும்மா. அவ அம்மாவுக்கு நாப்பது வயசுலயே கைகால் உதறி, புத்தி பேதலிச்சுப் போச்சு. அந்த மரபணு இவளுக்கும் இருக்கான்னு பாக்கணும். மூணு மாசம் முழுகாம இருக்கா. இப்பவே தெரிஞ்சா புள்ளையோட சேத்து அவளையும் பொறந்த வீட்டுக்கே அனுப்பிடலாம்." "அவங்களுக்குத் தெரியுமா?" "தெரிஞ்சா குடுப்பாளா?" என்று சிரிக்கிறார். "அவங்க கையெழுத்து இல்லாம தொட மாட்டோம்" என்கிறேன். பேனாவை எடுத்து, கவுன்டரில் கிடந்த ஒப்புதல் படிவத்தில் அவள் கையெழுத்தை அவரே நிதானமாகப் போடுகிறார். அதற்குள் அவருடைய போன் அடிக்கிறது; திரையில் 'மருமகள்' என்று ஒளிர்கிறது. "சொல்லும்மா... நான் சாப்பிட்டேன். நீ மாத்திரை போட்டியா? வரும்போது மாதுளம்பழம் வாங்கிட்டு வரேன்." குரல் அப்படிக் குழைகிறது. படிவத்தை அவர் கண்ணெதிரே நான்காகக் கிழிக்கிறேன். அவர் கோபப்படவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பக்கத்துத் தெருவுல இன்னொரு லேப் இருக்குல்ல, எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று என்னிடமே கேட்கிறார்.