வாஷர் இருந்த கம்பி

என் கணவர் ஹார்லன் கடைசியாக விற்கும் பொருள் ஒரு ரப்பர் வாஷர். நெப்ராஸ்காவின் காலை வெயில் எங்கள் இரும்புக்கடையின் ஆணிப் பீப்பாய்களின்மேல் கிடக்கிறது. இதுவரை வந்திருப்பது டுவைட் ஒருவன்தான், கையில் நெடுஞ்சாலைப் பெருங்கடையில் வாங்கிய குழாயோடு. அதற்கு ஒரு வாஷர் கேட்கிறான். "கல்யாணம் அந்தப் பெரிய கடைகூட, சாப்பாடு மட்டும் எங்கிட்டயா?" என்கிறார் ஹார்லன். "அங்க ஒத்த வாஷர் கேட்டா சிரிக்கிறாங்க, அண்ணே" என்கிறான் டுவைட். வாஷர் இழுப்பறைக்குள் ஒன்றுமில்லை, எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குச் சரக்கு வண்டி வருவது நின்றுவிட்டது. இழுப்பறை முகப்பில் மாதிரிக்காகக் கட்டியிருக்கும் வாஷரையே, கம்பியைத் திருகி அவிழ்த்துத் தருகிறார். "நாளைக்கு வேற ஒண்ணு கட்டிடலாம், வெர்னா" என்கிறார் என்னிடம். அன்று மாலை நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடையைப் பூட்டி மூன்று குளிர்காலம் ஆகிறது. அந்தக் கம்பி இன்னும் வாஷர் இருந்த வளைவிலேயே நிற்கிறது.