முதலில் ஊதிய கரடி

இலுப்பைப்பூ புளித்தால் போதை தரும். ஆகவே காட்டுப் பாதையில் கரடி காவல் நின்றது. வருகிற பன்றிகளை ஊதச் சொல்லி மோந்து பார்க்கும். தள்ளாடுகிறவற்றை ஓரமாகப் படுக்கவைக்கும்.

ஒருநாள் கரடியே அந்தப் பூவை வயிறுமுட்டத் தின்றுவிட்டுத் தறிகெட்டு ஓடி, ஆமையின் மேல் மோதியது. ஓட்டில் விரிசல் விழுந்தது.

அதன்பின் கரடி "நில்" என்றால் எந்தப் பன்றியும் நிற்கவில்லை. "முதல்ல நீங்க ஊதுங்க ஏட்டையா!" என்று கத்திக்கொண்டே பறந்தன. பாதைக்கு அந்தப் பக்கம் குளம். கடக்கப் பயந்த ஆமை, புதருக்குள் பனித்துளியை நக்கிக் காலம் தள்ளியது.

ஒரு காலை கரடி புதர் முன்னால் வந்து மண்டியிட்டு, எல்லோரும் பார்க்க ஊதியது.

ஆமை மோந்தது. "இன்னொரு தடவை ஊதுங்க. எனக்கு அவசரமில்ல."

கரடி மறுபடி ஊதியது.

"கரையான் தின்ன வாடைதான், பூ வாடை இல்ல. நாளைக்கும் வாங்க."

கரடி தினமும் வந்தது. எட்டாம் நாள் ஒரு கிழப்பன்றி தானாக நின்றது. "ஏட்டையாவே ஊதுறாரு. நாம என்ன பெரிய ஆளா?"

மற்றவையும் பின்னால் நின்றன. ஆமை பாதையில் இறங்கியது. அது கடந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு பன்றியும் நகரவில்லை.