நாலாவது இழுப்பு

“இருட்டறதுக்குள்ள இது ஸ்டார்ட் ஆயாகணும், அண்ணே. எப்படியாவது.”

மெக்கானிக் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, குட்டித் தோட்ட டிராக்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். பதில் சொல்ல டார்ச்சை எடுக்க வேண்டியிருந்தது.

“பன்னிரண்டு வருஷமா தூங்கற வண்டிம்மா. தட்டினதும் எழுந்து பல்லு தேய்க்க இது என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?”

அவள் சிரிக்கவில்லை. ஷெட் வாசலில் நின்றிருந்தாள். கையில் அப்பாவின் ஒற்றைச் செருப்பு.

காலை ஏழு மணிக்கு வெளியே போன அப்பா இன்னும் திரும்பவில்லை. பதினோரு மணிக்குச் செருப்பு மட்டும் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால், செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்துவிட்டுப் போன பள்ளத்தின் விளிம்பில். பள்ளம் நிறைய மழைத் தண்ணீர். அதைத் தாண்டி ஆள் உயரத்துக்கு நாணல் புதர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

அக்கம்பக்கத்தார் விசில் அடித்துக்கொண்டும் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாரா?” என்றாள் அவள், தனக்குத்தானே பேசுவது போல. “முந்தாநாள் நான் ‘அப்பா’ன்னு கூப்பிட்டேன். ‘உங்கப்பா எங்கம்மா போயிட்டார்?’னு என்னையே கேட்கிறார்.”

மெக்கானிக் காற்று வடிகட்டியைத் திறந்தார். உள்ளே எலி கூடு கட்டிக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. டாங்கில் இருந்த பெட்ரோல் கோந்தாகியிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி, ஊசித் துளையை ஒற்றைக் கம்பியால் குத்தினார். பிளக் துளையில் எண்ணெய் விட்டு, எஞ்சின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். முரண்டு பிடித்தது, பிறகு சுற்றியது.

“பெரியவர் கில்லாடி. எண்ணெய் ஊத்தித்தான் மூடி வச்சிருக்கார். நான் இந்த ஷெட் பக்கம் வந்தாலே குச்சியைத் தூக்குவார்...”

காணாமல் போனவரைப் பற்றி வேடிக்கையாகப் பேசிவிட்டது உறைக்க, நாக்கைக் கடித்துக்கொண்டார். பேச்சை மாற்ற, ஸ்டியரிங் அருகே துணியால் துடைத்தார். தூசிக்கு அடியில், வெள்ளைப் பெயின்ட்டில் பெரியவரின் கையெழுத்து.

‘ஸ்டார்ட் ஆனதும் சோக்கை உள்ளே தள்ளு, மடையா!’

“என்னைத்தான் சொல்றார்” என்று மெக்கானிக் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“டயர் நாலும் சப்பைம்மா. வண்டி நகராது.”

“நகர வேண்டாம்.”

“சைலன்சர் ஓட்டையா இருக்கு. தகடு வச்சுக் கட்டிடறேன்.”

“வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

அவருக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார். “பள்ளத்துத் தண்ணியை இறைக்கத்தானே? பம்பும் பெல்ட்டும் வேன்ல இருக்கு. வண்டி ஓடினா ராத்திரிக்குள்ள தரை தெரிஞ்சிடும். மனசைத் தேத்திக்கோம்மா.”

அவள் செருப்பை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வடக்கே மேகம் கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று.

போன் அலறியது. கணவன்.

“தீயணைப்பு ஆளுங்க காலையிலதான் வருவாங்களாம். நீ எங்கே இருக்கே?”

“ஷெட்ல. விசிலை நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரையும் வாயை மூடிக்கிட்டு அங்கங்கே நிற்கச் சொல்லுங்க.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“நிறுத்தச் சொல்லுங்க!”

மெக்கானிக் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். பயமாக இருந்தது. பெற்றவனைப் பறிகொடுத்தவள், புத்தி தடுமாறுவதில் ஆச்சரியமில்லை.

ஒரு பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றி, டியூப் சொருகி, மேலே தொங்கவிட்டார். கால் பாட்டில்தான் இருந்தது; வண்டி ஓடினால் மீதியை வாங்கிக்கொள்ளலாம். சோக்கை வெளியே இழுத்தார். கயிற்றைச் சுற்றினார்.

முதல் இழுப்பு. ஒன்றுமில்லை.

இரண்டாவது. ஒரு தும்மல்.

மூன்றாவது இழுப்பில் கயிறு உருவிக்கொண்டு வந்து அவர் தோளிலேயே அடித்தது. வெளியே முதல் மழைத்துளி தகரத்தில் விழுந்தது. அவள் உதடு எதையோ முணுமுணுத்தது.

நாலாவது.

டபடபவென்று ஷெட்டே அதிர்ந்தது. கூரையிலிருந்து துருப்பொடி கொட்டியது.

“பிடிச்சுக்கிச்சு!” மெக்கானிக் சோக்கை உள்ளே தள்ளினார். சத்தம் சீரானது. “பெல்ட்டை எடுத்துட்டு வரேன்.”

திரும்புவதற்குள் எஞ்சின் இருமத் தொடங்கியது. அவள் சோக்கை முழுக்க வெளியே இழுத்திருந்தாள். கரும்புகை குப்பென்று கிளம்பியது.

“என்னம்மா பண்றே? உள்ள தள்ளு!”

“இருக்கட்டும்.”

“எஞ்சின் செத்துப்போகும்!”

“சாகட்டும்!” அவர் கையைத் தட்டிவிட்டாள். கண்ணில் நீர். அவள் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. நாணல் புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் இருமியது, விக்கியது, திணறியது. பாட்டிலில் பெட்ரோல் இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது. பிறகு ஒரு விரல். பிறகு டியூபில் காற்றுக்குமிழி.

புதரில் ஓர் இடம் அசைந்தது. நாணலை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் மறு காலில் சேறுமாக, அவர் குச்சியை ஓங்கியபடி ஷெட்டை நோக்கி ஓடிவந்தார்.

“எவன்டா அவன் என் வண்டியைத் தொட்டது? சோக்கை உள்ளே தள்ளுடா, மடையா!”