ஓடைக்கு வந்த பலகை

பெருநகரத்துக்குப் பக்கத்திலேயே, யார் கண்ணிலும் படாமல் ஓர் ஓடை தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதன் கரையில், சாலையைப் பார்த்தபடி ஒரு பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். வயிற்றில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டிருந்த நண்டு ஒன்று வெளியே வந்து அதை அண்ணாந்து பார்த்தது.

"யாருப்பா நீ? உன் மேல என்ன எழுதியிருக்கு?"

"'தூய்மையான ஓடை. குப்பை போடாதீர்கள்.' உன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன்" என்றது பலகை பெருமையாக.

"யாருகிட்டேயிருந்து?"

"இங்கே வருகிற மனிதர்களிடமிருந்து."

"இங்கதான் யாருமே வர்றதில்லையே!"

"இனிமேல் வருவார்கள். இங்கே இப்படியோர் ஓடை இருப்பதே என்னைப் படித்தால்தானே தெரியும்?"

"அப்ப, நீ இல்லேன்னா?"

"எதற்கெடுத்தாலும் கேள்வியா? நான் காவலுக்கு வந்தவன், விவாதம் பண்ண வரவில்லை."

நண்டு தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பிறகு நேராகப் பலகையின் காலடிக்குப் போய் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது.

"என்ன செய்கிறாய்?"

"காப்பாத்த வந்தவராச்சே நீங்க! உங்க காலடியிலேயே வளை தோண்டிக்கிறேன்."

பலகைக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"தாராளமாக! இன்னும் ஆழமாகவே தோண்டிக்கொள், அம்மா" என்றது, லேசாக ஓடைப் பக்கம் சாய்ந்தபடி.