பாதிப் புலி

"இன்னைக்கே படை கிளம்பணும் தளபதி. எதிரி ஆத்தைத் தாண்டிட்டான்" என்றான் அரசரின் தூதன்.

தளபதி கெங் பூ ஏற்கெனவே கவசத்தோடு நின்றிருந்தார். முப்பது வருஷமாகத் தோல்வியே காணாதவர். "இதுக்குத்தானய்யா காத்துக்கிட்டிருந்தேன். எடு உன் பாதியை."

தூதன் வெண்கலப் புலியின் இடது பாதியை எடுத்தான். வலது பாதி தளபதியிடம். இரண்டும் பொருந்தினால்தான் படை நகரலாம். பொருந்தாமல் நகர்த்தினால் தளபதியின் தலை போய்விடும்.

சேர்த்தார்கள். வால் பக்கம் ஒரு தினையளவு இடைவெளி. திருப்பிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள். பொருந்தவே இல்லை.

"பரவாயில்லைங்க, கிளம்புங்க. அரசர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சட்டம்னா சட்டம்தான் தம்பி" என்று தளபதி மார்புக் கவசத்தில் அடித்துக்கொண்டார். "எனக்குக் கை துடிக்குது, என்ன செய்ய? தலைநகருக்குப் போய் புது ஜோடி வார்த்து எடுத்துட்டு வா."

"போயிட்டு வர பன்னெண்டு நாள் ஆகுமே. அதுக்குள்ள எதிரி கொள்ளையடிச்சுட்டு, அறுவடைக்கு ஊர் போய்ச் சேர்ந்துடுவான்."

"அவன் அதிர்ஷ்டம்."

தூதன் கண் கலங்கிக் குதிரை ஏறினான். குளம்புச் சத்தம் ஓய்ந்ததும் தளபதி கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தினைக் கஞ்சிக்கு உட்கார்ந்தார். மனைவி கிண்ணத்தை நங்கென்று வைத்தாள்.

"ஒரு போருக்கும் போகாம, தோல்வியே காணாத தளபதின்னு பேரு வேற. இதோட ஒன்பது புலி ஆச்சு. எல்லாத்துலயும் வாலையே அரத்தால ராவினா சந்தேகம் வராதா? அடுத்த தடவை காதை ராவுங்க."