அழுகல் திராட்சை

துபாய் ஹோட்டல் ஸ்டோரில் ரெங்கராஜுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். அழுகின பழம் ஒன்றுகூட அவனைத் தாண்டிக் கிச்சனுக்குப் போனதில்லை. கண்ணில் பட்டால் உடனே குப்பைதான்.

போன வருஷம் வந்த முகிலனோ இன்றைக்கு ஒயின் பிரிவுக்கே பொறுப்பாளன். கறுப்புக் கோட்டு வேறு. ஜெனரல் மேனேஜரே அவன் தோளில் கை போட்டுப் பேசுகிறார். பார்க்கப் பார்க்க ரெங்கராஜுக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் முகிலன் பெயருக்கு பிரான்ஸிலிருந்து ஒரு பெட்டி வந்தது. சாயங்கால ஒயின் விருந்தில் வைக்க வேண்டிய திராட்சை. திறந்தால், அத்தனை கொத்தும் சுருங்கிப்போய், சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது.

குப்பைத்தொட்டி வரை போன கை நின்றது. 'எல்லார் முன்னாலயும் நாறிப்போகட்டும்.'

பூசணம் தெரியும்படி வெள்ளித்தட்டில் அடுக்கி, துணியால் மூடித் தானே விருந்து மேஜையில் கொண்டுபோய் வைத்தான். வேடிக்கை பார்க்கக் கதவோரம் நின்றுகொண்டான்.

முகிலன் விருந்தினர்கள் முன்னால் துணியை விலக்கினான். இந்தப் பூசணம்தான் பழத்தின் தண்ணீரை வற்ற வைத்து இனிப்பைத் தேக்கி வைக்கிறது, இதைப் பிழிந்து எடுத்ததுதான் உங்கள் கையிலிருக்கும் ஒயின் என்று விளக்கினான். கைதட்டல் அடங்க நேரமானது.

நேராக வந்து ரெங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்ககிட்ட சொல்லி வைக்க மறந்துட்டேன். குப்பையில கொட்டியிருப்பீங்கன்னு உயிரே போச்சு. கொட்டியிருந்தா இன்னிக்கே என் வேலை காலி."

ரெங்கராஜ் சிரித்து வைத்தான். பதினோரு வருஷத்தில் அவன் டியூட்டியை ஒழுங்காகச் செய்யாத ஒரே நாள் அதுதான்.