அண்ணன் பார்த்துச் சொன்ன வண்டி

"யாரை ஏமாத்தப் பாக்குறீங்க? இது ஓடின காரா, ஏர் உழுத காரா?"

அண்ணன் போட்ட சத்தத்தில் வண்டிக்காரர் ஓரடி பின்வாங்கினார். "பன்னண்டு வருஷமா என் புள்ள மாதிரி வெச்சிருந்தேன் சார்" என்றார் தழுதழுத்த குரலில்.

"புள்ளையக் குளிப்பாட்டுற வழக்கமே கிடையாதா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாவம்ணா, வயசானவரு. கொஞ்சம் மெதுவாப் பேசு."

"நீ சும்மா இரும்மா. பாவம் பாத்துத்தானே போன தடவை ஏமாந்தே?"

சுருக்கென்றது. போன வருடம் ஒருவன் தேன் ஒழுகப் பேசி அவளிடம் ஒரு வேனை விற்றான். இரண்டே வாரத்தில் அது காயலான் கடைக்குப் போனது. 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டவன் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. இனிமேல் அண்ணன் கண்ணால் பார்க்காமல் ஓர் ஆணிகூட வாங்குவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

காலையில் கிளம்பும்போது கணவன் ஒன்று சொல்லிப் பார்த்தான். "எதுக்கும் வேற ஒரு மெக்கானிக்கிட்டயும் காட்டிடேன்."

"எங்கண்ணனை விட எனக்கு நல்லது நினைக்கிறவன் எவன் இருக்கான்?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒர்க்‌ஷாப் வேலையைப் போட்டுவிட்டு ஒரு மாதமாக அவள் பின்னாலேயே அலைகிறான் அண்ணன். முதலில் பார்த்த காரைப் புகை அதிகம் என்று ஒதுக்கினான். அடுத்ததில் கால்மிதியைத் தூக்கி அடியில் இருந்த துருவைக் காட்டினான். மூன்றாவது, ஒரு நர்ஸம்மா வைத்திருந்த வெள்ளைக் கார். அவளுக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிய அண்ணன், "வேண்டாம்மா, கியர் பாக்ஸ் போகப் போகுது" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டான். அவளும் அதை விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவள் தெருப் பிள்ளைகள் ஆறு பேரைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அதை நம்பித் தையல் மெஷினைக்கூட விற்றாகிவிட்டது. வண்டி நடுரோட்டில் நின்றாலாவது தள்ளிவிடலாம். பிரேக் பிடிக்காமல் போனால்?

"பானட்டைத் திறங்க" என்றான் அண்ணன்.

வண்டிக்காரர் காருக்குள் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிடியை இழுத்தார். அது தொளதொளவென்று கையோடு வந்தது. இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.

"நகருங்க." அண்ணன் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு கம்பியைச் சுண்டினான். 'டக்'கென்று பானட் திறந்தது. "பாத்தியாம்மா, சொந்த வண்டியோட பானட்டைத் திறக்கத் தெரியலை. புள்ள மாதிரி வளத்தாராம்!"

வண்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனுடைய கைப்பழக்கத்தை நினைத்து அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தான். பெல்ட்டை அழுத்தினான். டயர் ஒவ்வொன்றையும் உதைத்தான். பிறகு அவளையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்தபோது வண்டி இடது பக்கம் லேசாக இழுத்தது.

"அண்ணா, இழுக்குதே!"

"ரொம்ப நாள் நின்ன வண்டிம்மா, ஓட ஓடச் சரியாயிடும். இஞ்சின் தங்கம். அதை அவர்கிட்ட காட்டிக்காதே, மூஞ்சியை உம்முனு வெச்சுக்க."

அவள் உம்மென்று வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் அண்ணன் பேரத்தில் இறங்கினான். இரண்டு தடவை கோபித்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினான். வண்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசியில் இறங்கி வந்தார். அவள் பணக்கவரை நீட்டியபோது, "நல்லா வெச்சுக்கோம்மா" என்று சாவியைக் கொடுத்தார். அவளுக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

"பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வண்டியை வெளிய எடு" என்றான் அண்ணன்.

தெருவுக்கு எடுத்து நிறுத்திய பிறகுதான் கைப்பையை வண்டிக்காரர் வீட்டு வராந்தா நாற்காலியிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. இஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று ஓடவிட்டபடியே இறங்கினாள். அண்ணனுக்கு இன்றைக்கு வீட்டில் சாப்பாடு போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று நினைத்தபடி உள்ளே நடந்தாள்.

வராந்தாவில் இரண்டு பேரும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். வெளியே இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் அவள் வண்டியில்தான் இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அவளுடைய கவர் இப்போது அண்ணனின் கையில் இருந்தது. வண்டிக்காரர் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு வழியா உங்க வண்டிய தலையில கட்டியாச்சு, முதலாளி!"